அண்ணாந்து பார்க்காத அப்பா

தரையைத் தோண்டிக்கொண்டிருந்த அப்பாவின் கண்ணில் படாதது, சும்மா சுற்றிவந்த மகளின் கண்ணில் பட்டது. அவருக்கு அது புதிய இடம் அல்ல. சில வருடங்களுக்கு முன்பே ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போயிருந்தார். அப்போதும் அதே கூரைதான் அவர் தலைக்கு மேல் இருந்தது.

ஸ்பெயினின் வடக்குக் கடற்கரையை ஒட்டி கான்டாப்ரியா என்றொரு பகுதி. மழை அதிகம். பச்சைப் புல்வெளி, மாடு, பால் என்று இருக்கும் ஊர்கள். அங்கே ஒரு குன்றுக்குள் இருக்கிறது அல்டாமிரா குகை. 1868-ல் மொடெஸ்டோ கூபியாஸ் என்ற வேட்டைக்காரரின் நாய் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ள, அதை மீட்கப் போனபோதுதான் குகை வாசல் தெரிந்தது. அந்த வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. குகைக்கும் பொந்துக்கும் பஞ்சமே இல்லை. அதனால் ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே பகுதியில் நிலபுலன்களோடு வாழ்ந்தவர் மார்செலினோ சான்ஸ் டி சௌட்டுவோலா. சட்டம் படித்தவர். செடிகொடி, பழம்பொருள் என்று எல்லாவற்றிலும் ஆர்வம் உள்ள, கையில் காசும் நேரமும் இருந்த மனிதர். 1878-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் போனார். ஈபிள் கோபுரம் வருவதற்குப் பதினோரு வருடங்களுக்கு முந்தைய பாரிஸ். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள், பிரான்ஸ் நாட்டுக் குகைகளில் தோண்டி எடுத்த கற்காலக் கருவிகளையும், உருவம் செதுக்கிய எலும்புத் துண்டுகளையும் பார்த்தார். நம்மூர்க் குகையிலும் இப்படி ஏதாவது கிடைக்காதா என்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது.

1879-ல் மறுபடி அல்டாமிராவுக்குள் போனார். இந்த முறை கூடவே மகள் மரியா. ஏழெட்டு வயசு. அப்பா தரையைக் கிளறி எலும்பும் கல்லும் தேடிக்கொண்டிருக்க, பெண் விளக்கோடு பக்கத்துக் கூடத்துக்குள் நுழைந்தாள். அங்கே கூரை ரொம்பத் தாழ்வு. பெரியவர்கள் முதுகை வளைத்து, தலையைத் தொங்கப்போட்டுத்தான் போக முடியும். அவளுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. நிமிர்ந்து நின்றாள், மேலே பார்த்தாள். “அப்பா, மாடுங்க!” என்று கத்தினாள் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை.

அவை மாடுகள் அல்ல, பைசன்கள். முதுமலையில் நாம் பார்க்கிற காட்டுமாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். பெரிய திமில், தாடி, கனத்த முன்னுடம்பு. சுமார் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள அந்தக் கூரையில் சிவப்பிலும் கறுப்பிலும் கூட்டமாக நின்றன, படுத்திருந்தன, திரும்பிப் பார்த்தன. கூடவே இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒரு பெண்மான். குதிரைகள். ஸ்பெயினில் பைசன் அழிந்து எத்தனையோ ஆயிரம் வருடங்கள் ஆகிவிட்டன. அப்படியானால், அதை நேரில் பார்த்த யாரோதான் வரைந்திருக்க வேண்டும்.

சௌட்டுவோலா மறு வருடம், 1880-ல், ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று துள்ளுகிற தொனி அதில் இல்லை. தரையில் கிடைத்த கருவிகளும் கூரையில் இருக்கும் ஓவியங்களும் ஒரே காலத்தவையாக இருக்கலாம் என்று நிதானமாக எழுதினார். மாட்ரிட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹுவான் விலனோவா நேரில் வந்து பார்த்து, அவர் பக்கம் நின்றார். அதே வருடம் லிஸ்பனில் கூடிய சர்வதேச மாநாட்டில் இந்த விஷயத்தை எடுத்துப் பேசினார்.

அறிஞர்கள் யாரும் மசியவில்லை. அவர்கள் முட்டாள்கள் அல்ல என்பதுதான் இந்தக் கதையிலேயே யோசிக்கவேண்டிய இடம். கற்கால மனிதன் என்று ஒருவன் இருந்தான், யானை போன்ற மாமூத்துகளோடு வாழ்ந்தான் என்று உலகத்துக்கு நிரூபித்ததே அவர்கள்தான். ஆனால் அவர்கள் மனதில் இருந்த படம் ஓர் ஏணி. கீழ்ப்படியில் கல்லை உடைக்கும் காட்டுமிராண்டி. மேல்படியில் பாரிஸ் ஓவியன். எலும்பில் சின்னதாக ஒரு மான் கீறியதை ஒப்புக்கொள்ள முடிந்தது. கூரை முழுக்க வண்ணத்தில், ஒளியும் நிழலுமாக, தசை புடைப்பு தெரிய ஒரு மந்தையையே வரைந்தான் என்றால்? ஏணி சரிந்துவிடும். ஓவியம் கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் சௌட்டுவோலாவை நம்பியிருப்பார்கள். அது நன்றாக இருந்ததுதான் குற்றம்.

எதுவார் ஆர்லே என்ற பொறியாளர் 1881-ல் குகைக்குப் போய்ப் பரிசோதித்தார். விளக்கு இல்லாமல் அந்த இருட்டில் வரைந்திருக்க முடியாது; விளக்கு எரிந்திருந்தால் கூரையில் புகைக்கரி படிந்திருக்க வேண்டுமே, காணோமே என்றார். வர்ணம் ஈரமாக, நேற்று பூசியதுபோல இருக்கிறதே என்றார். நியாயமான கேள்விகள்தான். ஆனால் விலங்கு எலும்பின் மஜ்ஜைக் கொழுப்பை எரித்தால் கரி மிகக் குறைவாகத்தான் வரும் என்பதோ, பாறை விழுந்து வாசல் மூடிப்போன குகைக்குள் ஈரப்பதம் மாறாமல் இருந்தால் வர்ணம் அப்படியே இருக்கும் என்பதோ அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் மோர்த்தியேவுக்கு வேறொரு சந்தேகம். தங்களைக் கேலிப்பொருளாக்க ஸ்பெயின் நாட்டுப் பாதிரிமார் வைத்த பொறி இது என்று நண்பருக்கு எழுதி எச்சரித்தார். இன்னொரு பக்கம், சௌட்டுவோலா அந்த ஓவியங்களைப் பிரதி எடுக்க ஓர் ஓவியரை அமர்த்தியிருந்தார். பால் ரத்தியே என்ற பிரெஞ்சுக்காரர். வாய் பேச முடியாதவர். கூரையில் இருப்பவற்றை வரைந்ததே இவர்தான் என்று பேச்சு கிளம்பியது. பார்த்து வரைந்தவரை, வரைந்துவிட்டுப் பார்த்தவராக மாற்றிவிட்டார்கள்.

ஊரில் மரியாதைப்பட்ட மனிதருக்குப் பொய்யர் என்ற பெயர். அதிகம் போனால், ஏமாந்த அப்பாவி என்ற பெயர். 1888-ல் சௌட்டுவோலா இறந்தபோது அந்தப் பெயர் நீங்கியிருக்கவில்லை. விலனோவாவும் 1893-ல் போய்ச்சேர்ந்தார்.

பிறகு பிரான்ஸிலேயே ஒன்றன்பின் ஒன்றாகக் குகைகள் வாய் திறந்தன. 1895-ல் லா மூத். அங்கே மண் மூடிக் கிடந்த பாதையைத் தோண்டிக்கொண்டு போனபோது சுவரில் கீறல் ஓவியங்கள். மண் படிந்த பிறகு யாரும் உள்ளே போய் வரைந்திருக்க வழியில்லை. 1901-ல் ஒரே மாதத்தில் கோம்பரேல், ஃபோன் த கோம் என்று இரண்டு. பிந்தையதில் அல்டாமிராவைப் போலவே வண்ண பைசன்கள்!

சௌட்டுவோலாவை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் எமில் கார்த்தயாக். அவர் 1902-ல் ஓர் ஆய்விதழில் தன் தவறைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு கட்டுரை எழுதினார். பாவமன்னிப்புக் கேட்கும்போது சொல்கிற லத்தீன் வார்த்தையையே தலைப்பில் வைத்தார். பெரிய மனசு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் ஒரு விவரம் உறுத்துகிறது. அந்த 22 வருடங்களில் அவர் அல்டாமிராவுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. கட்டுரை எழுதிய வருடம்தான் முதன்முதலாகப் போனார். இடைப்பட்ட காலத்தில் கூரையில் ஒரு கோடுகூட மாறியிருக்கவில்லை.

அவரோடு போனவர் ஆன்ரி ப்ரூய் என்ற இளம் பாதிரியார். (பாதிரிகளின் சதி என்று பயந்த மோர்த்தியே அப்போது உயிரோடு இல்லை.) ப்ரூய் அபாரமாக வரைவார். கூரை தாழ்வு என்பதால், மூட்டைகளை மெத்தைபோலப் போட்டு மல்லாந்து படுத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாள் கணக்கில் பிரதி எடுத்தார். குகையின் ஈரத்தில் நீர்வண்ணம் காயவே இல்லை என்பதால் பேஸ்டல் குச்சிகளால் வரைந்தார். அந்தக் கூரையை அவ்வளவு நேரம் பார்த்தவர், அதை வரைந்தவர்களுக்குப் பிறகு அவராகத்தான் இருக்கும்.

அப்படிப் படுத்துப் பார்க்கும்போது தெரிகிற சில விஷயங்கள் உண்டு. கூரை சமதளம் அல்ல. பாறை அங்கங்கே குமிழ்போலப் புடைத்திருக்கிறது. அந்தப் புடைப்புகளுக்குத் தோதாகத்தான் பைசன்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. புடைப்பின் வட்டம் வயிறாகிறது, திமிலாகிறது. பாறையின் வெடிப்பு முதுகுக்கோடு ஆகிறது. முதலில் கல் உளியால் கீறல். அதன்மேல் கரியால் கறுப்புக் கோடு. உள்ளே காவிக்கல்லைக் குழைத்த சிவப்பு. காவி என்பது வேறொன்றும் இல்லை, இரும்புத்துரு கலந்த மண்தான். சில இடங்களில் வர்ணத்தைச் சுரண்டியும் கழுவியும் வெளிச்சத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். அசைகிற தீபத்தை அருகே கொண்டுபோனால் புடைப்பின் நிழல் நகரும். மிருகம் மூச்சு விடுவதுபோல் இருக்கும்.

அப்படியானால் அந்த மனிதர் வெற்றுச் சுவரின் முன்னால் ‘இன்றைக்கு ஒரு பைசன் வரையலாம்’ என்று போய் நிற்கவில்லை. பாறையில் பைசனைப் பார்த்திருக்கிறார். பிறகுதான் கை போயிருக்கிறது. மேகத்தில் யானையைப் பார்க்கிற அதே கண். வரைவது என்பது, தனக்குத் தெரிந்ததைப் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியவைக்கிற வேலை.

இன்னொன்றும் உண்டு. கூரை அவ்வளவு தாழ்வாக இருந்த காலத்தில் முழு ஓவியத்தையும் ஒரே பார்வையில் யாராலும் பார்த்திருக்க முடியாது. பின்னாளில் பார்வையாளர் வசதிக்காகத் தரையைத் தோண்டித் தாழ்த்தினார்கள். அதனால்தான் புகைப்படங்களில் ‘பிரமாண்டமான கூரை’ என்று நாம் பார்க்கிறோம். வரைந்தவர்களுக்குத் தெரிந்தது, விளக்கு வெளிச்சம் விழுந்த ஒரு மிருகமோ, ஒன்றரை மிருகமோதான். மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்கிற பார்வை நம்முடையது.

ஒரே ஆள் ஒரே மூச்சில் வரைந்ததும் அல்ல. பைசன்களின் கரியைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தால் சுமார் 14,000, 15,000 வருடங்கள் என்று வருகிறது. அதே கூரையில் இருக்கும் ஒரு சிவப்புக் குறியோ குறைந்தது 35,600 வருடப் பழசு என்று 2012-ல் வெளியான ஆய்வு சொன்னது. இரண்டுக்கும் நடுவில் 20,000 வருடங்கள்! நமக்கும் அந்த பைசன்களுக்கும் நடுவில் இருக்கும் காலத்தைவிட அது அதிகம். பைசன் வரைந்தவருக்கும் அந்தச் சிவப்புக் குறி தொல்பொருள்தான். ‘யாரோ முன்னோர் எழுதிவைத்தது’ என்று அவரும் விளக்கைத் தூக்கிப் பார்த்திருப்பார்.

சரி, எதற்காக வரைந்தார்கள்?

ஓவியங்கள் உண்மையானவை என்று ஏற்றுக்கொண்ட மறு நிமிடமே எல்லோரும் இந்தக் கேள்விக்குத் தாவினார்கள். ஆரம்பத்தில் சொல்லப்பட்ட பதில், பொழுது போகாமல் அழகுக்காக வரைந்தார்கள் என்பது. கலை கலைக்காகவே என்று பாரிஸ் பேசிக்கொண்டிருந்த காலத்தின் பதில். 1903-ல் சாலமன் ரெனாக், வேட்டை மந்திரம் என்றார். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் தாங்கள் உண்ணும் மிருகங்கள் பெருகச் சடங்கு செய்கிறார்கள் என்று அப்போதுதான் ஐரோப்பியர்கள் புத்தகத்தில் படித்திருந்தார்கள். மிருகத்தை வரைந்தால் அது வசப்படும், வேட்டை பலிக்கும். ப்ரூயும் இதையே சொல்ல, பள்ளிப் பாடப்புத்தகம்வரை போய்விட்டது. இன்றைக்கும் பலருக்குத் தெரிந்த பதில் இதுதான்.

அந்தப் பதிலுக்கு எதிராகச் சாட்சி சொன்னது எலும்பு. லாஸ்கோ குகையில் மனிதர்கள் தின்று போட்ட எலும்புகளில் மிகப் பெரும்பாலானவை ரெயின்டீர் மானுடையவை. சுவரிலோ நூற்றுக்கணக்கான மிருகங்களுக்கு நடுவே ரெயின்டீர் ஒன்றே ஒன்று. 1994-ல் கண்டுபிடித்த ஷோவே குகையில் சிங்கம், காண்டாமிருகம், மாமூத், கரடி என்று முன்வரிசையில் நிற்பவை எல்லாம் சாப்பாட்டுத் தட்டுக்கு வராத ஜாதி. வயிற்றுக்காக வரைந்தார்கள் என்றால் கணக்கு உதைக்கிறதே.

1960-களில் ஆந்த்ரே லெருவா-கூரான் எந்தக் குகையில் எந்த மிருகம் எந்த இடத்தில் என்று எண்ணத் தொடங்கினார். குதிரையும் பைசனும் ஜோடியாக வருகின்றன. குதிரை ஆண்தன்மை, பைசன் பெண்தன்மை. குகையே ஓர் ஒழுங்கான அமைப்பு என்றார். அதே காலத்தில் அதே தரவுகளைப் பார்த்த அன்னெத் லாமிங்-எம்பரேர் குதிரைதான் பெண், பைசன் ஆண் என்றார். பைசனுக்கே வெளிச்சம். பிறகு தென்னாப்பிரிக்காவின் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ், சாமியாடிகள் தன்னிலை மறந்த மயக்கத்தில் கண்ட காட்சிகள் இவை என்றார். அவருக்கு சான் பழங்குடிகளின் பாறை ஓவியங்கள் பழக்கம்.

எதையும் முழுப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொருவரும் தன் மேஜையில் எந்தப் புத்தகம் திறந்திருந்ததோ அதைத்தான் பாறையில் வாசித்திருக்கிறார்கள். இதற்கு அல்டாமிராவிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. கூரையில் சில பைசன்கள் கால்களை மடக்கி, உடம்பைச் சுருட்டிக்கொண்டிருக்கின்றன. வேட்டை மந்திரக்காரர்கள் அதைப் பார்த்து ‘அடிபட்டுச் சாகிறது’ என்றார்கள். இன்னொருவர் ‘தூங்குகிறது’ என்றார். ‘கன்று ஈனுகிறது’ என்று ஒரு கட்சி. விலங்குகளின் பழக்கவழக்கம் தெரிந்தவர்கள், ‘மண்ணில் புரள்கிறது, பைசன் அப்படித்தான் செய்யும்’ என்றார்கள். சாவு, தூக்கம், பிரசவம், புழுதிக் குளியல் — நான்கும் ஒரே கோடுகளில்! பாறைப் புடைப்பு உருண்டையாக இருந்தது, மிருகத்தை அதற்குள் அடக்கச் சுருட்டினார்கள் என்பதும் காரணமாக இருக்கலாம்.

பார்க்கிற கண்ணுக்குப் பின்னால் நிற்கிற நம்பிக்கைகளுக்கு நம் நாட்டிலும் சாட்சி உண்டு. மரியா அண்ணாந்து பார்ப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் முன்பே, 1867-68-ல், உத்தரப்பிரதேசத்தின் மிர்சாபூர் பக்கம் விந்திய மலைப் பாறைக் குடில்களில் ஓவியங்களைப் பார்த்தவர் ஆர்ச்சிபால்ட் கார்லைல் என்ற ஆங்கிலேயர். தரையில் கிடைத்த சின்னஞ்சிறு கற்கருவிகளோடு அவற்றைச் சேர்த்து யோசித்து, பழங்காலத்தவை என்று புரிந்தும் கொண்டார். ஐரோப்பா ஒப்புக்கொள்ள 1902 ஆனது. ஆனால் கார்லைல் அதை உடனே எழுதி வெளியிடவில்லை. குறிப்புகள் நண்பரிடம் தங்கிவிட்டன. அதனால் உலகத்தைப் பொறுத்தவரை அவர் பார்க்கவே இல்லை என்றாகிவிட்டது. பீம்பேட்காவோ இன்னும் தாமதம். 1957-ல் ரயிலில் போய்க்கொண்டிருந்த விஷ்ணு ஸ்ரீதர் வாகங்கர், ஜன்னல் வழியே அந்தப் பாறைகளைப் பார்த்துவிட்டு, இறங்கித் தேடிப் போனார். அவருக்கு ஐரோப்பியக் குகைகளைப் பற்றித் தெரிந்திருந்தது. அதே ஜன்னல் வழியே எத்தனையோ ஆயிரம் பேர் அந்தப் பாறைகளைப் பார்த்திருப்பார்கள்.

தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் பாறைமேல் சிவப்பு உருவங்கள் இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் உள்ள குறிகளில் சிலர் சிந்துவெளி எழுத்தைக் காண்கிறார்கள். சிலருக்கு அவை வெறும் கோடு. யார் கண் சரி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சிந்துவெளி தெரிந்தே ஆகவேண்டும் என்ற ஆசையோடு போனால் அது தெரியாமல் இருக்காது. கார்த்தயாக்குக்கு நேர்ந்ததன் மறுபக்கம் அது. அவர் இருந்ததைப் பார்க்கவில்லை. ஆசைப்பட்டுப் போகிறவர் இல்லாததையும் பார்த்துவிடுவார்.

‘எதற்காக’ என்பதை விட்டுவிட்டு ‘யார்’ என்று கேட்டவர்களுக்குக் கொஞ்சம் உருப்படியான பதில்கள் கிடைத்திருக்கின்றன. நூறு வருடங்களாகப் புத்தகப் படங்களில் குகை ஓவியன் என்றால் தாடி வைத்த ஆண்தான். அமெரிக்கரான டீன் ஸ்னோ, பிரான்ஸ், ஸ்பெயின் குகைகளில் கையை வைத்து வர்ணம் ஊதிய அச்சுகளின் விரல் நீளங்களை அளந்து, 32 கைகளில் 24 பெண்களுடையவை என்று 2013-ல் எழுதினார். அந்த அளவுமுறையைப் பற்றி வாக்குவாதம் இருக்கிறது. இருந்தாலும், அளந்து பார்க்க அத்தனை வருடம் அதிகம் பேருக்குத் தோன்றவில்லை.

பிரான்ஸில் ரூஃபின்யாக் என்றொரு குகை. மாமூத் ஓவியங்களுக்குப் பேர்போனது. அதன் உட்பகுதிகளில், மென்மையான சுவர்களிலும் கூரையிலும் விரல்களால் இழுத்த கோடுகள் நிறைய இருக்கின்றன. மிருகம் இல்லை, மனிதர் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் ஓடும் மூன்று நான்கு விரல் தடங்கள், அவ்வளவுதான். இவற்றின் அகலத்தை அளந்த ஆய்வாளர்கள், பல தடங்கள் குழந்தைகளுடையவை என்றார்கள். மிக அதிகமாகக் கோடு போட்டிருப்பது ஐந்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி என்றும் கணித்தார்கள். அவற்றில் சில, குழந்தைக்கு எட்டவே எட்டாத உயரத்தில், கூரையில் இருக்கின்றன. யாரோ தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். தோளிலோ இடுப்பிலோ வைத்து, நடந்துகொண்டே.

வேட்டை மந்திரமா, ஆண் பெண் தத்துவமா, சாமியாட்டமா என்று பெரியவர்கள் நூறு வருடம் வாதாடிய இடத்தில், ஒரு பெரிய கை ஒரு சின்ன உடம்பைத் தாங்கி நிற்கிறது. குழந்தை ஈரச் சுவரில் விரலை வைத்து இழுக்கிறது. தடம் விழுகிறது. மறுபடி இழுக்கிறது. க்ரேயானும் சுவரும் ஒருசேரக் கிடைத்த எந்தக் குழந்தையும் செய்வதுதான். தூக்கிப் பிடித்தவருக்கு அதில் என்ன சந்தோஷம் என்று எந்தக் கோட்பாடும் சொல்லவில்லை. அது சடங்காகவே இருந்திருக்கட்டும். சடங்கிலும் கை வலிக்கத்தானே செய்யும்?

நாம் பார்க்கிற லட்சணத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் புகழ்பெற்ற ஆறு ஓவியங்களின் முன்னால் 150 பேர் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று மறைவாக நேரம் குறித்தார்கள். ஒரு படத்துக்குச் சராசரி 27 விநாடி. பாதிப் பேர் 17 விநாடிக்கு மேல் நிற்கவில்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டைப் படிக்கிற நேரமும் இதில் அடக்கம். 2001-ல் வெளியான ஆய்வு அது. கைக்குக் கை கேமரா போன் வராத காலம். பிறகு 2017-ல் சிகாகோவில் எடுத்த கணக்கிலும் சராசரி ஏறக்குறைய அதேதான். ஆனால் ஓவியத்தோடு தன்னையும் சேர்த்துப் படம் எடுக்கிறவர்கள் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அல்டாமிராவைப் பொறுத்தவரை, அந்த 27 விநாடியே ஓவியத்துக்கு ஆபத்தானது. 1970-களின் தொடக்கத்தில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் குகைக்குள் போனார்கள். ஒவ்வொருவரும் மூச்சு விட்டார்கள். உடம்புச் சூடு, ஈரம், கார்பன்-டை-ஆக்சைடு, செருப்போடு வந்த நுண்ணுயிர்கள். லாஸ்கோவில் இதே காரணத்தால் சுவரில் பச்சைப்பாசி படர, பிரான்ஸ் அரசு 1963-லேயே குகையை மூடிவிட்டது. அல்டாமிராவை 1977-ல் மூடி, 1982-ல் கொஞ்சம் பேருக்கு மட்டும் திறந்து, 2002-ல் மறுபடி மூடினார்கள். அதற்கு முந்தைய வருடமே பக்கத்தில் ஒரு நகல் குகை தயாராகியிருந்தது. பாறையின் மேடுபள்ளங்களை அளந்து, காவியும் கரியும் கொண்டு அதே முறையில் வரைந்தது.

நகல்தானே என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அசலைப் பார்த்தே தீருவோம் என்று பல வருடங்கள் கோரிக்கை வைத்தவர்களும் உண்டு. சுற்றுலா வருமானத்துக்காக அசலைத் திறக்கச் சொன்ன அரசியல்வாதிகளும், திறந்தால் ஓவியம் போய்விடும் என்ற விஞ்ஞானிகளும் வெளிப்படையாகவே மோதினார்கள். அல்டாமிரா விஷயத்தில் விஞ்ஞானிகள் பேச்சைக் கேட்பதுதான் நியாயம். ஆனால், 1880-ல் நேரில் போய்ப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னவர்களும் விஞ்ஞானிகள்தான் என்பதை சௌட்டுவோலாவின் ஊர்க்காரர்கள் மறப்பதாக இல்லை.

மரியா பிறகு போத்தின் என்ற வங்கிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். இன்றைக்கு உலகம் முழுக்கக் கிளைகள் உள்ள சான்டான்டேர் வங்கியை வளர்த்தது அந்தக் குடும்பம்தான். 1946-ல்தான் மரியா காலமானார். அப்பா சொன்னது உண்மை என்று உலகம் சொல்வதைக் கேட்க அவர் இருந்தார்.

2014 பிப்ரவரியில் ஒரு சோதனையாக அசல் குகையைத் திறந்தார்கள். வாரத்துக்கு ஐந்தே பேர். அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களின் பெயரைக் குலுக்கி எடுத்தார்கள். உடம்பு முழுக்கப் பாதுகாப்பு அங்கி, முகமூடி, தனிச் செருப்பு. உள்ளே இருக்க 37 நிமிடம். குலுக்கலில் பெயர் வராதவர்கள் பக்கத்தில் உள்ள நகல் குகைக்குப் போனார்கள். அங்கேயும் அண்ணாந்து பார்க்கலாம்.